பெண் பார்க்க வருகிறோம்

எங்கள் சங்கத்துக்குப் பெயரும் இல்லை, பலகையும் இல்லை. காரைக்காலில் ஒரு டெய்லர் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை கூடுவோம். எல்லாரும் குடியை விட்டவர்கள், அல்லது விட முட்டி மோதிக்கொண்டிருந்தவர்கள். பக்கத்து ஜில்லாக்காரர்கள் பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. இன்னார் குடிகாரர் என்று ஊருக்குத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. குடியை விட முடியாமல் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து அழுகிறார் என்று மட்டும் தெரிந்துவிடக் கூடாது. எங்கள் மானம் அந்த இடத்தில்தான் இருந்தது.

ஒருவர் கூட்டத்துக்கு வராவிட்டால் மறுபடி விழுந்துவிட்டார் என்று அர்த்தம். உடனே ஒரு தபால் அட்டை போட்டுவிட்டு இரண்டு மூன்று பேர் வீடு தேடிப் போவோம். அட்டையில் எழுதியதை யார் படிக்க மாட்டார்கள்? மண்டபத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த மீன்பிடிக்கிற அண்ணனுக்கு எழுத்து தெரியாது. அவருக்கு வந்த அட்டையைத் தபால்காரர் கடற்கரையில் வைத்து, வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில், உரக்கப் படித்துக் காட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு அண்ணன் கொதித்துக்கொண்டு மாடியேறினார்.

"இனிமே எனக்கு அட்டையே போடாதீங்க. 'மனம் தளர வேண்டாம்'னு எழுதுனீங்கல்ல? கரைல நண்டுசிண்டுல்லாம் 'மனம் தளர வேண்டாம் மாமா'ங்குதுவ."

சிரித்துத் தீர்த்த பிறகு, எங்களுக்குள் மட்டும் புரிகிற பாஷை ஒன்று வேண்டும் என்றேன். கூட்டத்தில் இருந்த வாத்தியார், எண்களாக எழுதலாம் என்றார்.

"லாட்டரி சீட்டுன்னு வூட்ல பிடுங்கி வச்சுக்குவாங்க" என்றார் அண்ணன்.

"தைக்கக் குடுத்தது ரெடின்னு எழுதிப் போடுவோமே?" இது டெய்லர்.

"என்னிக்குய்யா நீ துணிய ரெடின்னு சொல்லிருக்க? ஊர்ல ஒருத்தன் நம்ப மாட்டான்."

அப்போதுதான் நான் சொன்னேன்: "பெண் பார்க்க வருகிறோம்னு எழுதுவோம்." சலவை வேட்டி கட்டிய ஆண்கள் சிலர் ஒரு வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசிவிட்டுப் போக எங்கள் பக்கத்தில் அதைவிடப் பொருத்தமான காரணம் கிடையாது. தபால்காரர் வாய்விட்டுப் படித்தாலும் வாழ்த்துத்தான் சொல்வார். எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். "எங்க வூட்ல எல்லாம் பயலுவளாச்சே?" என்று அண்ணன் கேட்டதற்கு, "தங்கச்சி மவளுக்குன்னு சொல்லுங்க" என்றோம். அவரவர் வீட்டில் இது எப்படிச் செல்லும் என்று அவரவர் யோசித்துத் தலையாட்டினார்கள். நான் மட்டும் என் வீட்டை யோசிக்கவில்லை.

என் வீட்டில் அக்கா இருந்தாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். வயது முப்பத்தைந்தை நெருங்கிவிட்டது. வந்த வரன்களில் சிலர், தம்பி குடிகாரன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அப்படியே பின்வாங்கியவர்கள்.

ஒரு மழைக்காலத்தில் நான் விழுந்தேன். இரண்டு கூட்டங்களுக்குப் போகவில்லை. திருவேட்டக்குடியில் ஒரு கூட்டாளி வீட்டிலேயே கிடந்துவிட்டு, ஒரு ஞாயிறு பிற்பகல் வீடு திரும்பினால், வாசலெல்லாம் கழுவி விட்டிருந்தது. உள்ளே கேசரி வாசம். அக்கா பட்டுப் புடவையில் நின்றாள். அடுத்த வீட்டு அம்மா அவளுக்குத் தலையில் பூ வைத்துவிட்டு, "நல்ல சேதியாச் சொல்லுடி" என்று தன் வீட்டுக்குப் போனாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம சம்பந்தம் பேசிருக்கியே, கள்ளா" என்றாள் அக்கா. கோபமே இல்லை அந்தக் குரலில். என் பக்கம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வாயக் கொப்புளிச்சிட்டு வேற சட்ட போடு. அவங்க முன்னாடி நாறாத."

மேசையில் அட்டை கிடந்தது. வாத்தியாரின் கையெழுத்து. சொல்வதற்கு நேரம் இருந்தது. நான் சட்டை மாற்றப் போனேன்.

வாத்தியார், டெய்லர், மண்டபத்தூர் அண்ணன் மூன்று பேரும் வந்தார்கள். அக்கா காப்பித் தட்டோடு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டெய்லர் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார். கடைசியில் மண்டபத்தூர் அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, உக்காருங்க. நாங்க மாப்ள வூட்டுக்காரங்க இல்ல. நாங்க குடிகாரப் பயலுவ."

என்ன சங்கம், என்ன பாஷை, அட்டைக்கு என்ன அர்த்தம் என்று அவரே சொன்னார். குடித்துவிட்டு மனைவியின் கையை முறித்ததை டெய்லர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் விழுந்ததை வாத்தியார் சொன்னார். மாடிக்கு வெளியே ஒரு சொல்லும் போகக் கூடாது என்று சத்தியம் செய்திருந்தவர்கள் அவர்கள்.

அக்கா காப்பித் தட்டை மேசையில் வைத்தாள்.

"அப்ப என்னைய வேணாம்னு யாரும் சொல்லல."

"சொல்லல தங்கச்சி."

"காப்பி ஆறுது. குடிங்க."

அவர்கள் போனதும் அடுத்த வீட்டு அம்மா ஓடி வந்தாள். "யாருடி அவங்க? என்ன சொன்னாங்க?"

"எனக்குப் புடிக்கல. வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள் அக்கா.

"ஒனக்கா? இந்த வயசுலயா?"

அதன்பிறகு அந்த அம்மா அக்காவுக்கு வரன் விசாரிப்பதை விட்டுவிட்டாள். வாசலுக்கு வந்த வரனைத் திருப்பி அனுப்பியவள் என்ற பேச்சு தெருவிலிருந்து மாதா கோயில் வரைக்கும் போனது. பூசையில் ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட அக்காவிடம் ஜாடையாகச் சொல்லிக் காட்டினார்கள்.

அது மாடிக்கும் எட்டியது. "எங்க பேரச் சொல்லிருங்க தம்பி" என்றார் அண்ணன். "நாங்க இன்னாரு, இதுக்குத்தான் வந்தோம்னு சொல்லிருங்க. எங்க மானம் போனாப் போவட்டும். அந்தப் புள்ள பேரு கெடக் கூடாது." மற்ற இருவரும் சரி என்றார்கள்.

அப்படிச் சொன்னால் அவர்கள் எதற்காக என் வீடு தேடி வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அக்காவே வேண்டாம் என்கிறாள் என்று அவர்களிடம் சொன்னேன். அக்காவை நான் கேட்கவே இல்லை.