செனட்டர் பேசிய டேப்

சிட்னியில் கூட்டங்களின் பேச்சை டேப்பில் கேட்டு டைப் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நான் தற்காலிக வேலையில் இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என்னை நிரந்தரமாக்குவதா என்று முடிவுசெய்ய இன்னும் ஒரு கிழமை இருந்தபோதுதான் அந்த அமெரிக்க செனட்டரின் டேப் என்னிடம் வந்தது.

இருபது வருடத்துக்கு மேல் பதவியில் இருந்த பழமைவாதி. களவாகக் குடியேறியவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பேசியே தேர்தல்களில் வென்றவர். இங்கே ஒரு மதிய விருந்தில் பேசினார். முடிவில் ஒரு மாணவி, "உங்கள் மாநிலத்தில் பழம் பறிப்பது யார்?" என்று கேட்டாள். செனட்டரின் குரல்: "விசா பேப்பர் இல்லாதவர்கள்தான். என் தோட்டத்திலும் அவர்கள்தான்."

சரியாகத்தான் கேட்டேனா என்று நான்கு தரம் ரிவைண்ட் செய்தேன். சரிதான்.

டைப் செய்து முடித்தபோது அதை வாங்கிப்போகச் செனட்டரின் உதவியாளர் வந்துவிட்டார். அவரோடு பேசிவிட்டு என் சூப்பர்வைசர் சிவம் அண்ணை மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, அந்த வரியை எடுத்துப்போட்டு சைன் பண்ணிக் குடும்."

"அண்ணை, கேட்டதை அப்பிடியே டைப் பண்ணினனான் எண்டுதானே சைன் வைக்கிறது?"

"ஓம். உம்மட வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகேல்லை. அதையும் யோசியும்."

பேசியவரே எடுக்கச் சொல்லி எழுதித் தரட்டும் என்றேன். உதவியாளர் முகம் சிவக்க இறங்கிப் போய், காரில் இருந்த செனட்டரையே கூட்டிவந்தார்.

வயதான மனிதர். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"நான் சொன்னதை வாசியுங்கள்."

வாசித்தேன்.

"சார், தேர்தல் வருகிறது" என்றார் உதவியாளர்.

"தெரியும்."

செனட்டர் என் பேனாவை வாங்கினார். வரியை அடித்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்த வரிக்குப் பக்கத்தில் தன் இனிஷியலைப் போட்டார்.

"சொன்னேன்தானே. இருக்கட்டும்."

அடுத்த தேர்தலில் அவருடைய கட்சியே அவரை நிறுத்தவில்லை. பரமட்டா ரயிலில் செய்தித்தாளில் பார்த்தேன். அந்த வரியையும் போட்டிருந்தார்கள். அவருடைய அரசியல் எனக்குப் பிடித்ததில்லை. ஆனாலும் அன்று முழுக்க மனம் சரியில்லை. எனக்கோ வேலை நிரந்தரமாகியிருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஒரு வரியில் சிக்கல் வந்தால், பேசியவருக்கே அதை வாசித்துக் காட்டுங்கள். நான் துணிச்சலாக நின்றதாகச் சிவம் அண்ணை பலரிடமும் சொல்லியிருக்கிறார். உண்மை அப்படியில்லை. எடுக்கச் சொல்லிச் செனட்டர் எழுதித் தந்திருந்தால், நானும் எடுத்துவிட்டுச் சைன் வைத்திருப்பேன்.