செம்பருத்தி வைத்தியரின் மனைவி

எங்கள் ஊரான கருங்கல்லில், ஆலய வளாகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாம் நடந்தது. என் கணவர் சும்மா பொழுதுபோக்காகத்தான் கையை நீட்டினார். எழுந்து வந்தபோது முகம் சுண்டிப் போயிருந்தது. பிரஷர் கூடுதலாம். மறுநாள் டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

“மாத்திரையா? ஒரு தடவ தொட்டா பின்ன சாவது வரைக்கும் விடாது, கேட்டியா?” என்று சீட்டைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

வளைகுடாவில் வெகுகாலம் ஏ.சி. பழுதுபார்த்தவர் அவர். எந்த மெஷினையும் விவரம் படிக்காமல் கழற்ற மாட்டார். தன் இதயத்துக்கு மட்டும் யூடியூப் போதும் என்று முடிவு செய்துவிட்டார். மறுநாளே வீட்டில் பூண்டு வாசம். அடுத்து முருங்கைக்கீரை, பிறகு நாட்டுமருந்துக் கடையிலிருந்து வாங்கிவந்த மருதம்பட்டை. அதைக் கொதிக்கவைத்து வடிகட்டினால் ஓடு கழுவிய மழைத்தண்ணீர் போல ஒரு கஷாயம் வரும். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். கடைசியாகச் செம்பருத்தி டீ. என் செடியில் ஒரு பூகூட மிஞ்சவில்லை.

சில வாரங்களில் பிரஷர் இறங்கிவிட்டது. அவ்வளவுதான், மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. ஆராதனை முடிந்தால் ஆலய வாசலில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம். “எல்லாம் செம்பருத்திதான் மக்கா. இங்கிலீஷ் மருந்து ஒண்ணும் தொட்டதில்ல” என்பார். தெருவில் வேலிக்கு வெளியே தலைநீட்டிய செம்பருத்தியெல்லாம் மொட்டையாயிற்று.

ஒருநாள் அவருடைய பழைய வளைகுடாப் பெட்டியில் கரப்பான் புகுந்துவிட்டதென்று அதை வெயிலில் கவிழ்த்தேன். காலுறைச் சுருளுக்குள்ளிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. டாக்டர் எழுதிய அதே பிரஷர் மாத்திரை. பாதி காலி.

எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. அட்டையைப் பழைய இடத்திலேயே வைத்தேன். ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிற மனுஷனிடம் எதற்குச் சண்டை? அன்று மாலை அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் செம்பருத்தி மகிமை சொல்லும்போது, “இன்னும் கொஞ்சம் கஷாயம் ஊத்தட்டா?” என்று பணிவாகக் கேட்டு, டம்ளர் விளிம்புவரை ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்ததால் கணவருக்கு வேறு வழியில்லை. குடித்தார்.

இந்த வேடிக்கை இன்னும் ஓடியிருக்கும். ஆனால் ஒருநாள் அருமனையிலிருந்து கணவரின் அக்கா, என் மைனி, போன் செய்தார்.

“மக்கா, தம்பி சொன்னதக் கேட்டு நானும் மாத்திரைய நிறுத்தியாச்சு. இப்போ செம்பருத்திதான். ஆனா தலை ஒருமாதிரி கனமாட்டு இருக்கு. இன்னும் ரெண்டு பூ கூட்டிப் போடட்டா?”

என் சிரிப்பு அப்படியே நின்றது. மைனி ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். ஸ்பீக்கரைப் போட்டேன். பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துவந்து கணவரின் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

“மைனி, உங்க தம்பி ஒரு காரியம் சொல்லணுமாம்.”

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை.

“அக்கா… நான் மாத்திரையும் திங்கியேன்.”

“என்னது? சத்தமா சொல்லு.”

“மாத்திரை திங்கியேன் அக்கா! பயந்துட்டு, ஆரம்பத்திலேயே வாங்கியாச்சு. நீ இப்பமே உனக்க மாத்திரைய எடுத்துப் போடு.”

“லே, நாசமா போறவனே! அப்போ என்னை எதுக்குல பூ திங்க வச்ச?”

அதற்குப் பிறகு மைனி பேசியதை அச்சில் ஏற்ற முடியாது. மாத்திரை போட்டுவிட்டுத்தான் போனை வைத்தார். நாங்கள் உடனே அருமனைக்குப் போய் அவரை அழைத்துவந்தோம். அக்காவையும் தம்பியையும் எங்கள் டாக்டர் முன்னால் உட்காரவைத்தேன். மைனிக்கு பிரஷர் ஏறியிருந்தது. நல்லவேளை, வேறொன்றும் ஆகவில்லை.

டாக்டர் திட்டவில்லை. “செம்பருத்தி, பூண்டு, மருதம்பட்டை பத்தியெல்லாம் ஆராய்ச்சி நடக்கு. கொஞ்சம் குணம் இருக்கலாம். ஆனா மாத்திரைக்குப் பதிலா அது ஆகாது. மாத்திரையோட பட்டைக் கஷாயமும் குடிச்சா பிரஷர் ரொம்ப இறங்கிரவும் செய்யும். உங்களுக்குத் தலை சுத்தினது உண்டா?” என்று கணவரைக் கேட்டார்.

“காலைல எழும்பும்போ கொஞ்சம்…” என்றார் கணவர், என் பக்கம் பார்க்காமல். எனக்குச் சுருக்கென்றது. கஷாயத்தை அன்றோடு நிறுத்தினோம்.

அடுத்த ஞாயிறு மைனியே ஆலய வாசலில் நின்று தம்பியைப் பேசவைத்தார். மாத்திரை சாப்பிட்டதை அவர் சொல்லி முடிப்பதற்குள், அங்கே நின்ற இன்னும் இரண்டு பேர் தாங்களும் ரகசியமாகச் சாப்பிடுவதாகச் சொன்னார்கள்.

டாக்டர் உப்பையும் கருவாட்டையும் குறைக்கச் சொல்லியிருந்தார். அன்று மதியம் உப்பு குறைத்து மீன்குழம்பு வைத்தேன். ஆலயத்திலிருந்து வந்தபின் பேசிக்கொள்ளாத அக்காவும் தம்பியும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“லே,” என்றார் மைனி மெதுவாக, “அந்தக் கஷாயம் இதவிட நல்லா இருந்ததோ?”