கூடு இல்லாத குளவி

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரை ஒத்தக்கடையில் நாங்கள் இருந்தபோது நடந்தது இது. கட்டிக்கொடுத்த என் மகள் ஒரு பையோடு திரும்பி வந்திருந்தாள். பிள்ளை இல்லை. "ஒங்க வீட்டுல வச்சு வைத்தியம் பாருங்க. இல்லாட்டி எம்மகனுக்கு வேற பொண்ணு பாத்துக்கிறோம்" என்று மாமியார்க்காரி சொல்லி அனுப்பிவிட்டாள். நான் யார் வாசலிலும் போய் நிற்கிறவள் இல்லை. ஆனாலும் அந்த வருசம் வைத்தியர், கோயில் என்று நடந்து ஓய்ந்துபோனேன்.

அப்போதுதான் எங்கள் வீட்டு நிலைக்கு மேலே ஒரு குளவி மண் கொண்டுவந்து கூடு கட்ட ஆரம்பித்தது. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். அதனால் யாரும் கலைக்க மாட்டோம். தெருவுக்கே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி தினமும் எட்டிப் பார்ப்பாள்.

"என்ன மதினி, குளவி முந்திக்கிருச்சு. ஒம்மக எப்ப?"

மகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

முன்னறையில் ஒரு ட்ராயிங் டீச்சரம்மா குடியிருந்தார். வரைவதெல்லாம் பூச்சிகள்தான். பூச்சியைக் கண்டதும் செருப்பைத் தேடுகிறவர்கள் ஒரு தரமாவது நின்று பார்க்கட்டும் என்பார். குளவி வந்தது தெரிந்ததும் பென்சிலோடு ஓடி வந்தார்.

"கூட்டுல கை வச்சீகன்னா வேற வீடு பாத்துக்கங்க, டீச்சர்" என்றேன்.

"கூடு எனக்கு எதுக்கும்மா? கட்டுறவளத்தான் பாக்கணும்."

சொன்னபடியே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வரைவதைத் தள்ளி நின்று பார்த்த மகள், பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். குளவி கூட்டை அடைத்துவிட்டுப் போனது; திரும்பவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவர் படங்களைக் கண்காட்சி வைத்தபோது தெருவே போனது. எங்கள் குளவி ஆளுயரத்துக்கு இருந்தது. ஒடுங்கிய இடுப்பு, வாயில் மண்ணுருண்டை, பறந்து பறந்து கிழிந்த றெக்கை. கூடு மட்டும் இல்லை. படத்தின் மூலை முடுக்கெல்லாம் தேடினேன்.

"கூட்டக் காணமே டீச்சர்? அதுலதான விசேசமே!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பதில் சொன்னது என் மகள். "நாம அம்புட்டுப் பேரும் கூட்டத்தான் பாத்தோம், அத்தை. இவுகதான் குளவியப் பாத்திருக்காக. றெக்க எப்படிக் கிழிஞ்சிருக்கு பாருங்க."

திரும்பி வரும் வழியில், "ஆத்தா, நான் இனிமே மாமியா வீட்டுக்குப் போகல" என்றாள். என்னென்னவோ சொல்ல நினைத்தேன். அசதியாக இருந்தது. "சரி, வா" என்றேன்.

அவள் புருசன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். இவள் செல்லூரில் தறிவேலைக்குப் போனாள். கடைசிவரை பிள்ளை இல்லை. எனக்கு வருத்தமே இல்லை என்றால் அது பொய். ஆனால் அவள் படியேறி வரும்போது நல்ல சேதி உண்டா என்று பார்ப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்; கை வலிக்கிறதா, சாப்பிட்டாளா என்றுதான் இன்றுவரை பார்க்கிறேன்.