தொட்டி மூடியின் மேல் ஒட்டிய டைல்ஸ்

வீட்டை விற்பது என்று முடிவானதும் நான் செய்த முதல் காரியம், அதன் மேல் நாலு லட்ச ரூபாயைக் கொட்டியதுதான்.

சிவகாசியில் அச்சு மிஷின் ஓட்டுகிறவன் நான். காலண்டர் சீசனில் ஓவர்டைம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போனபின் என் மனைவி விருதுநகரில் ஒரு பழைய வீட்டைப் பார்த்து வைத்தாள். அதன் முன்னறை தெருவைப் பார்த்து இருந்தது. இருபது வருடமாக அடுத்தவர் கடையில் ஜாக்கெட் தைத்தவளுக்கு, அந்த அறையில் தன் மிஷினைப் போட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சீட்டுப் பிடித்துச் சேர்த்த ஒரு லட்சத்தை அட்வான்ஸாகவும் கொடுத்துவிட்டாள். பங்குனிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அட்வான்ஸும் போகும், அந்த வீடும் போகும். எங்கள் வீடு விற்றால்தான் மீதி.

முதலில் வந்தவர் இருபத்தெட்டு லட்சத்துக்குக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்றாள் மனைவி. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் ரத்தத்தைச் சிந்திக் கட்டிய வீடு, வெறும் இருபத்தெட்டா? புரோக்கர் வேறு காதில் ஓதினார். “அண்ணாச்சி, நாலு போட்டீகன்னா எட்டா திரும்பும். வர்றவுக பளபளப்பைத்தான பாக்காக?”

போட்டேன். முகப்புக்கு எலிவேஷன், ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், அதற்குள் நீல லைட்டு, அடுப்படிக்கு மாடுலர் அலமாரி. தரைக்குப் பெரிய பெரிய டைல்ஸ். அதில்தான் வந்தது வினை. எங்கள் தண்ணீர்த் தொட்டி ஹாலுக்கு அடியில் இருந்தது. அதன் மூடி ஹாலின் நட்ட நடுவில். டைல்ஸ் ஒட்ட வந்தவர், மூடிக்கு மட்டும் தனியாகச் சட்டம் வைத்துத் திறக்கிற மாதிரி செய்யலாம் என்றார்.

“சட்டமும் வேண்டாம் கிட்டமும் வேண்டாம். தரை வழவழன்னு ஒரே சீரா இருக்கணும். மூடி மேலயே ஒட்டுங்க” என்றேன். தண்ணீர் இறங்க ஒரு பைப், ஏற்ற ஒரு மோட்டார் பைப், இரண்டும் இருக்கும்போது மூடி எதற்கு என்று எனக்கு நினைப்பு.

“கிறுக்குப் பிடிச்சிருச்சா உங்களுக்கு? தொட்டிய எப்படிக் கழுவுறதாம்?” என்று கத்தினாள் மனைவி.

“விக்கப்போற வீட்டுக்குக் கழுவுனா என்ன, கழுவாட்டா என்ன?”

அப்படிச் சொன்ன என் வாயில் இப்போதும் ஒன்று போடலாம் போலிருக்கிறது.

வந்தவர்கள் எல்லாரும் சீலிங்கைப் பார்த்து “அடேயப்பா” என்றார்கள். அடுத்த கேள்வி, “தொட்டி எங்கன?” குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊர் இது. பெண் கொடுக்கிறவர்கள்கூடத் தொட்டி எம்புட்டுக் கொள்ளும் என்று விசாரிப்பார்கள். நான் தரையைக் காட்டுவேன். அவர்கள் தரையைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, “சொல்லி அனுப்புறோம்” என்று செருப்பை மாட்டுவார்கள். இருபத்தெட்டுக்குக் கேட்டவரும் வேறு வீட்டை முடித்துவிட்டார். மாசி போய்ப் பங்குனி பிறந்தது. மனைவி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கும் புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். இவர்கள் எங்கே வாங்கப்போகிறார்கள் என்ற இளக்காரம் எனக்கு. அதை மறைத்துக்கொண்டு நீல லைட்டைப் போட்டுக் காட்டினேன். அந்தம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சாயங்காலம் வந்து மேல ஒட்டுன மருந்து போகத் தேச்சுக் குளிக்கணும் அண்ணாச்சி. எங்களுக்குத் தண்ணிதான் முக்கியம். தொட்டி எங்கன?”

காட்டினேன். அவள் குனிந்து டைல்ஸைத் தட்டிப் பார்த்தாள்.

“விரிசல் விட்டுருக்குன்னுதான் மூடிட்டீகளாக்கும்?”

சுருக்கென்றது. நான் பொய்யனா? கொல்லைக்குப் போய்ச் சுத்தியலையும் உளியையும் எடுத்து வந்தேன். என் மனைவி நாற்காலியை ஓரமாக நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

முதல் அடியில் டைல்ஸ் விரிசல் விட்டது, நாலாவது அடியில் பெயர்ந்தது. மூடியைத் தூக்கி டார்ச் அடித்தேன். சுவரில் ஒரு கீறல் இல்லை. தண்ணீர் அடித்தரை தெரியக் கிடந்தது. வீடு கட்டும்போது ஆறடி போதும் என்றார் கொத்தனார். மனைவிதான் பக்கத்தில் நின்று எட்டடி தோண்ட வைத்தாள். அந்த இரண்டடிக் கூலிக்காக நான் அவளோடு மூன்று நாள் பேசவில்லை.

அந்தம்மா தரையில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தாள். “ஆத்தாடி, கெணறுல்ல இது!” என்றாள்.

புருஷன்காரர் அளந்து பேசினார். “லைட்டுக்கும் முகப்புக்கும் குடுக்க எங்ககிட்ட வசதி இல்ல அண்ணாச்சி. தொட்டிக்காக வேணா ரெண்டு சேத்து, முப்பதா முடிச்சுக்கிடுவோம்.”

பங்குனி முடிய எட்டு நாள் இருக்கும்போது பத்திரம் பதிந்தது. நாலு போட்டு இரண்டு எடுத்தவன் நான். அந்த இரண்டும் நான் மூடி மறைத்த தொட்டிக்கு வந்தது. விருதுநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி திடீரென்று சிரித்தாள். “ரெண்டடிக்கு ரெண்டு லட்சம்” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து.

இப்போது அந்த முன்னறையில் அவள் மிஷின் ஓடுகிறது. வெட்டு மேசையில் துணி நழுவாமலிருக்க ஒரு டைல்ஸ் துண்டைப் பாரமாக வைத்திருக்கிறாள். அது எப்போது என் கண்ணில் படாமல் அவள் பைக்குள் போனது என்று தெரியவில்லை. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் யாராவது அதைக் கையில் எடுத்தால் போதும், உடனே சொல்வாள்.

“பாத்து வைங்க மதினி. எங்க வீட்டுக்காரர் நாலு லட்சம் போட்டு வாங்கித் தந்தது.”