தேவிப்பிரியாவின் இணைச்சீர்

என் மைத்துனன் அருள்செல்வனின் கல்யாணத்தில் நான் போட்ட சத்தத்தைப் பற்றிச் சேவூரில் இன்னும் பேசுகிறார்களாம். பேசட்டும். இன்னும் கொஞ்சம் சேர்த்தே கத்தியிருக்க வேண்டும்.

என் மனைவி தேவிப்பிரியாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. டிவி தொடரில் கதாநாயகனின் விதவைத் தாயாக, வெறும் திருநீற்று நெற்றியோடு ஒரு மூலையில் நின்று அழுவாளே, அவள்தான். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவள் அதே கம்பெனியில் செக்கிங் மேசையில் துணியில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தவள். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் போட்ட நாடகத்தில் அவள் அழுததைப் பார்த்து டெய்லர்கள் பாதிப்பேர் மூக்கைச் சிந்தினார்கள். அதைக் கேள்விப்பட்ட சினிமா மேனேஜர் ஒருவர், அவினாசிப் பக்கம் நடந்த படப்பிடிப்பில் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அழக் கூப்பிட்டார். போனாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

அழுகிற முகம் என்று முத்திரை குத்திவிட்டார்கள். முப்பத்தைந்து வயதில், தன்னைவிட மூத்த நடிகனுக்கு அம்மா! "ஒரே ஒரு தடவை பூ வெச்சுட்டு வர்ற மாதிரி வேசம் குடுங்க சார்" என்று ஒரு இயக்குநரிடம் கேட்டிருக்கிறாள். "உங்க முகத்துக்கு வெள்ளைச் சேலைதாம்மா எடுப்பா இருக்கு" என்றானாம் அந்த மகராசன். தாலியைக் கழற்றச் சொன்னபோது மட்டும் முடியவே முடியாதென்று நின்று, ரவிக்கைக்குள் தள்ளி ஊக்குக் குத்திக்கொண்டாள். இன்றுவரை அப்படித்தான் நடிக்கிறாள்.

திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டம்மா ஒருநாள் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பியவர், வாசலில் இவளைப் பார்த்ததும் உள்ளே திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். சாயங்காலமானால் அதே அம்மாதான் தொடரைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேவி சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சிரித்துவிட்டுப் போக முடியாத இடம் தம்பி கல்யாணத்தில் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையோடு பிறந்தவள் பட்டுடுத்தி, கூறைச்சேலை வைத்த கூடையோடு அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். அவளுக்கு அது உரிமை. அப்பா போனபின் அந்தத் தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் இவள். படப்பிடிப்பையே தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பட்டும் மல்லிகையுமாக, கையில் கூடையோடு மண்டபத்தில் நின்றவளை நான் வாய்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய பெரியப்பா மாரப்பன் வந்தார். "கண்ணு, தப்பா நெனைச்சுக்காத. தெனமும் டிவியில உன்னைய அந்தக் கோலத்துல ஊரே பாக்குது. பொண்ணூட்டுக்காரங்க சங்கடப்படறாங்க. கூடைய நம்ம இந்துமதிகிட்டக் குடுத்துரு சாமி."

இந்துமதி அவர் பெற்ற மகள். தேவி தம்பியைப் பார்த்தாள். மேடையில் இருந்த அவன் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "ஏனுங் மாமா, என்னையக் கொஞ்சம் பாருங்க. குத்துக்கல்லாட்ட நிக்கறனுங்கல்ல? நான் எப்பங்க செத்தேன்? எங் கருமாதியில சோறு தின்னுட்டா வந்தீங்க?"

மேளம் நின்றுபோனது. சீர் செய்துவைக்கிற அருமைக்காரர் குறுக்கே வந்தார். "அவரு கேக்கறது ஞாயந்தானுங்க. ஊட்டுக்காரரு உசுரோட இருக்கறப்ப அந்தப் பேச்செதுக்குங்க? அக்காளே நிக்கட்டும்."

மாரப்பன் முனகிக்கொண்டே விலகினார். ஜெயித்துவிட்டேன் என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். தேவி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"அப்ப இவரு இல்லாம போயிருந்தா, அருளு எனக்குத் தம்பி இல்லீங்களா பெரியப்பா?"

மாரப்பன் அருமைக்காரர் பக்கம் திரும்பினார்.

"நடிச்சதுக்கே எனக்கு இப்பிடீன்னா, எங்கம்மாவ எங்கீங்க உக்கார வெச்சிருக்கீங்க?"

எல்லோரும் திரும்பினோம். என் மாமியார் பழனாயி கடைசி வரிசையில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெற்ற மகனுடைய கல்யாணம். காலையிலிருந்து ஒரு தாம்பூலத் தட்டைக்கூட அவரை யாரும் தொடவிடவில்லை. சீ, என்ன ஜென்மங்கள் நாம்! அவ்வளவு கத்திய எனக்கும் அது கண்ணில் படவில்லை.

தேவி கூடையைக் கீழே வைத்தாள். "எங்கம்மா வந்து எங்கூட நிக்கோணும். இல்லீன்னா இதைய நான் தொடமாட்டனுங்க."

"நல்ல காரியத்துல இதென்ன கூத்து?" என்று மாரப்பன் பாய்ந்தார். "அருளு, நீயாச்சும் உங்கக்காளுக்குச் சொல்லுடா."

அருள்செல்வன் குனிந்த தலை நிமிரவில்லை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்குக் கை பரபரத்தது.

அதற்குள் மாமியார் எழுந்துவிட்டார். நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு நேராக முன்னால் வந்தார். மாரப்பன் வழிமறித்துக் கையை நீட்டினார்.

"செத்துப்போனது உங்க தம்பிங்க" என்றார் மாமியார். "நான் சாகலீங்க. வழிய உடுங்க."

மாரப்பனின் கை தானாகக் கீழே இறங்கியது. மாமியார் குனிந்து கூடையை எடுத்து மகள் கையில் கொடுத்தார். பிறகு மேடையேறி, மகனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.