பெரியவருக்கு நான் குறைத்த எட்டு வயது

என் கையெழுத்து அழகாக இருந்ததுதான் எல்லா வினைக்கும் காரணம். செங்கல்பட்டுக் கருவூலத்தில் குமாஸ்தாவாக இருந்த சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து பென்ஷன் கணக்குப் போட்டுக் கொடுப்பார். வெள்ளைக்காரன் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருந்த நேரம் அது. அவர் பென்சிலில் கிறுக்கியதை மனுவில் மையால் எழுதுவது ஒன்பது வயதுச் சிறுமியான என் வேலை. கூலி, ஒரு கமர்கட்.

கோவளத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். உப்பு இலாகாவில் உப்பு எடை போட்டவர். வரும்போதெல்லாம் எனக்குக் கை நிறையச் சோழி கொண்டுவருவார். அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை அரசாங்கத்துக்கே விட்டுக்கொடுத்து, பதிலுக்கு மொத்தமாக ஒரு தொகை வாங்க நினைத்தார். எத்தனை வருஷத்துப் பணம் கிடைக்கும் என்பதற்குச் சித்தப்பாவிடம் ஓர் அட்டவணை இருந்தது. ஐம்பத்தெட்டு வயதுக்கு நேராகப் பத்துச் சொச்சம். அது என்ன பத்து என்று கேட்டேன். மனுஷன் இன்னும் அவ்வளவு காலம் இருப்பான் என்று சர்க்கார் போட்ட கணக்கு என்று தலை நிமிராமல் சொல்லிவிட்டார்.

மத்தியான வெயிலில் ஜன்னலுக்கு வெளியே ஏரி வெள்ளையாய்க் கிடந்தது. உப்பளமும் அப்படித்தான் இருக்கும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். அந்த வெள்ளையில் அவர் நடந்து போவதும், பத்தாவது அடியில் காணாமல் போவதுமாகக் கண்முன் வந்துகொண்டே இருந்தது.

அட்டவணையில் வயது குறையக் குறைய எதிரே இருந்த எண் ஏறியது. ஐம்பத்தெட்டை ஐம்பது என்று முத்து முத்தாக எழுதினேன். என்மேல் இருந்த நம்பிக்கையில் சித்தப்பா சரிபார்க்கவில்லை. பெரியவரும் கையெழுத்துப் போட்டார்.

வயது இடிக்கிறது என்று மார்கழியில் மனு திரும்பி வந்தது. திருத்தி அனுப்பிப் பணம் வருவதற்குள் கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்களாம். சித்தப்பா என் காதைத் திருகியதும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பெரியவரும் அங்கேதான் இருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"அழுவாத பாப்பா. அவன் கணக்குக்கு மேலயே இருந்து காட்றேன், போதுமா?"

இருந்து காட்டினார். ஒவ்வொரு தைக்கும் பஸ் பிடித்து வந்து, "பாப்பா, இன்னும் கீறேன்" என்பார். பத்தைத் தாண்டிய வருஷம் நான் கல்லூரிப் பெண். வெட்கமில்லாமல் கை தட்டினேன். அதற்கு மேலும் நாலு தை வந்தார். சர்க்காரை ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

இப்போது எனக்கே ஓய்வு. நாவலூர் வீட்டில் என் பென்ஷன் தாளை நிரப்பும்போதுதான் புத்தியில் உறைத்தது. விட்டுக்கொடுத்த பங்கை இன்று பதினைந்து வருஷம் கழித்துத் திருப்பித் தருகிறார்கள். அவர் ஓய்வு பெற்றபோது சாகும்வரை பிடித்தம்தான். வாங்கிய பணத்துக்கான வருஷங்கள் பத்தோடு தீர்ந்துவிட்டன. நான் கை தட்டிய பிறகு அவர் வாழ்ந்த ஒவ்வொரு மாதமும் அவருக்கு நஷ்டம்.

அந்த நாலு தையிலும் சோழி குறையவில்லை.