அப்பாவின் சந்தாலிக் கையெழுத்து

துபாயில் தனி அறை. பெட்டியில் பெயர் எழுத மார்க்கரைத் திறந்ததும், அந்த மை வாசம் என்னைச் சிறுவயதில் வாழ்ந்த, துபாயை அடுத்த முவைலாவுக்கு இழுத்துப்போனது.

அங்கே அப்பா வாட்ச்மேன். எதிரே தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை செய்த கவிஞர் ஒருவர் இருந்தார்; வட இந்தியப் பழங்குடி மொழியான சந்தாலியில் எழுதுபவர், ஊரில் பள்ளி நடத்தியவர். வெள்ளிக்கிழமைகளில் அட்டைப்பெட்டிகளில் தன் கவிதைகளை மார்க்கரால் எழுதி, தன் ஊர்க்காரர்களுக்குச் சந்தாலி எழுத்து கற்பித்தார். கைநாட்டு வைக்கும் அப்பாவும் போய் உட்கார்ந்தார். என் ரேங்க் கார்டில் சந்தாலியில் கையெழுத்துப் போட்டார்.

“டீச்சர் சிரிப்பாங்கப்பா.”

“சிரிக்கட்டும் கண்ணு. என்னை வா, உக்காருன்னு சொன்ன ஒரே வாத்தியார் அவர்தான்.”

“என்ன கிறுக்கல் இது? கைநாட்டு வாங்கிட்டு வா” என்றார் மறுநாள் டீச்சர்.

“எங்கப்பாவுக்கு எழுதத் தெரியும் மிஸ்” என்று நகராமல் நின்றேன். கார்டை வாங்கிக்கொண்டார்.

கவிஞர் ஊர் திரும்பினார். அப்பாவும் காலமானார். குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அப்பா எழுதிய ஒரே சொல்லான அந்தக் கையெழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது.